ஆடியில் இந்தக் குளம்

முந்தாநாள் யன்னலைச் சாத்த மறந்து வேலைக்குப் போய்விட்டேன். பின்னேரம் கொழும்பில் பெருமழை. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அறைக்குள் உங்கள் குளம் மணத்தது.

அப்பா, அந்தச் சேற்று ஓடு உங்களுக்கு நினைவிருக்கும். வற்றிய குளத்தின் அடி வெயிலில் வெடித்து, ஓரங்கள் வளைந்து, கிண்ணம்போலக் கையில் எடுக்கக்கூடியதாக இருந்த ஒரு துண்டு. நடுவில் சின்னதாய் ஒரு நத்தைக் கூடு. நான் அதைப் பையில் வைத்தபோது, "உதைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறாய் பிள்ளை?" என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியவில்லை. இத்தனை காலமும் என் யன்னல் விளிம்பில் இருந்தது. மழைச்சாரல் அதைக் கரைத்துவிட்டது. கறுப்பாய் ஒரு கை சேறு. அதற்குள் நத்தைக் கூடு.

துடைக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் இருந்தேன்.

எங்கள் கடற்கரை ஊரில் பாதி வீடுகளின் ஆண்கள் கப்பலில் வாழ்ந்தவர்கள். ஓய்வு பெற்று வருகிறவர்கள் கடலைப் பார்த்தபடி ஒரு கதிரையைப் போட்டு அதில் இருந்துவிடுவார்கள். நீங்கள் இருக்கவில்லை. சரக்குக் கப்பலை விட்டு வந்த மாதமே சைக்கிளை எடுத்துக்கொண்டு தெற்குப் பக்கமாகப் போகத் தொடங்கினீர்கள். ஒவ்வொரு நாளும். எங்கே என்று சொல்லவில்லை.

அது மார்கழி. உடுப்பிட்டிப் பக்கம், வெங்காயத் தோட்டங்களைத் தாண்டி, வயல்களுக்கு நடுவில் ஒரு குளத்தைக் கண்டுபிடித்திருந்தீர்கள். குளக்கட்டின் விளிம்புவரை தண்ணீர். அல்லி. கரையில் பூட்டிக்கிடந்த ஒரு சின்ன வீடு.

ஒருநாள் வந்து சைக்கிளைச் சாத்தினீர்கள். குசினி வாசலில் நின்றபடி அம்மாவிடம் சொன்னீர்கள்.

"இஞ்சாரும், நான் பாத்த தண்ணி எல்லாம் எங்கையோ போய்க்கொண்டிருந்த தண்ணி. இது ஒரு இடத்திலை இருக்குது. நாங்களும் போய் இருப்பமே?"

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நானும் ஒரு இடத்திலைதானே இருக்கிறன். என்னைப் பாத்தாப் போதாதே?"

நாங்கள் இருந்தது அம்மாவின் சீதன வீடு. பின் கதவைத் திறந்தால் மணல், மணலுக்கு அப்பால் கடல். அம்மா அந்த இரைச்சலில் பிறந்து, அந்த இரைச்சலில் என்னைப் பெற்று, அந்த இரைச்சலில் உங்களுக்காகக் காத்திருந்தவர். உங்கள் குளம் நாலு மைல் தூரம்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சிங்கப்பூர் பக்கம், உடுப்பிட்டி தூரம்.

மாமா, அம்மாவின் தம்பி, கேள்விப்பட்டு ஓடி வந்தார்.

"அத்தான், ஏழு கடல் தாண்டின மனுசன் நீங்கள். கடைசியிலை தவளைக்குக் காவல் இருக்கப்போறியளோ?"

"தவளையும் நீந்தும்தானே."

"அங்கை மீன் எப்ப வரும் தெரியுமே? பொழுதேறின பிறகு வரும். அதுவும் உங்களைப் பாத்துக் கண் சிவந்து வரும்."

நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் வரமாட்டேன் என்றால் நீங்களும் போகமாட்டீர்கள். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் அவர் உடனே பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

பொங்கலுக்கு முன் ஒருநாள் சொன்னார். நான் பல்கலைக்கழக விடுமுறையில் வந்து நின்றேன். நானும் கேட்டேன்.

"ஆடிப்பிறப்பு வரைக்கும் வாறன். ஆடிக்கூழை எந்தக் குசினியிலை காய்ச்சுறதெண்டு அண்டைக்கு நான் சொல்லுவன். அந்தக் குசினியிலைதான் அதுக்குப் பிறகு எல்லாச் சமையலும். நீங்கள் வாய் திறக்கக்கூடாது."

"ஓம்" என்றீர்கள். கப்பலில் கட்டளை வாங்கிய குரல்.

வீடு வாங்குவதற்கு முன் நீங்கள் செய்த வேலையை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. ஒரு நீளக் கயிற்றில் முடிச்சுகள் போட்டீர்கள். நுனியில் இரும்புத் துண்டு. லொறி ரியூப் ஒன்றில் மிதந்து போய், கப்பலில் பார்ப்பதுபோலக் குளத்தின் ஆழம் பார்த்தீர்கள். அடுத்த தோட்டத்துத் தவராசா, மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி, குளக்கட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். நீங்கள் கரையேறி, "நல்ல ஆழம்" என்றீர்கள். "ஓமண்ணை, நல்ல ஆழம்" என்று அவரும் சொன்னார்.

தையில் குடிபோனோம். லாண்ட்மாஸ்டர் இழுவைப் பெட்டியில் சாமான், பின்னால் ஓட்டோக்களில் சொந்தக்காரர். பெரியம்மா அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். விமான நிலையத்தில்கூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மா சீதன வீட்டைப் பூட்டினார். திறப்பை மாமா கேட்டார். கொடுக்கவில்லை. குளக்கரை வீட்டின் குசினிச் சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொல்லி, அதில் மாட்டினார். அடித்தது நீங்கள்.

பிறகு தட்டுக் கட்டினீர்கள். வீட்டின் பின்கோடியிலிருந்து தண்ணீருக்குள் நீளும் ஒரு சின்னப் பலகைத் தட்டு. பனங்குத்திகள், மேலே பலகை. மாலையில் இரண்டு பேரும் அதன் நுனியில் இருந்து காலை நனைப்பது என்பது உங்கள் திட்டம். நீங்கள் இருந்தீர்கள். அம்மா வரவில்லை. குசினி வாசலில் நின்று, அங்கிருந்தே தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பார். கரையில் நிற்பது அவருக்குப் பழகிய வேலை.

படுக்கும்போது கடல் பக்கமான வடக்கு யன்னலைத் திறந்து வைப்பார். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை.

பங்குனியில் தண்ணீர் பின்வாங்கியது. சித்திரையில் தட்டின் கால்கள் தெரிந்தன. "கொஞ்சம் இறங்கும்தானே" என்றீர்கள். இறங்கினால் ஏறும் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தவர் நீங்கள். வைகாசியில் மாடுகள் நடுக்குளம்வரை நடந்துபோய்க் குடித்தன. ஆனி முடிவதற்குள் அதுவும் இல்லை. வெடித்த சேறு. உங்கள் தட்டு உயரமான கால்களில் ஒன்றுக்கும் உதவாமல் நின்றது. அதன் நிழலில் தவராசாவின் ஆடுகள் படுத்தன.

நீங்கள் வேலிக்கு மேலால் கேட்டீர்கள்.

"ஏன் காணும், ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"என்னத்தையண்ணை?"

"குளம் வத்துமெண்டு."

தவராசாவுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "பொழுதுபட்டா இருட்டுமெண்டு ஆரும் சொல்லுவினமே? நீங்கள் கயிறு விட்டுப் பாக்கேக்கை நான் நினைச்சன், உந்த மனுசன் கிணத்து வாளியைத் தேடுறாரெண்டு."

அன்று பின்னேரம் தட்டில் என் பக்கத்தில் இருந்தீர்கள். கால்கள் காற்றில் தொங்கின. "உதுவும் போயிட்டுது பிள்ளை" என்றீர்கள். அந்தக் குரலில் பகிடியும் இருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உங்களுக்குப் பயம். ஆடிப்பிறப்புக்கு முதல்நாள் நீங்களாகவே மாமாவுக்குப் போன் எடுத்தீர்கள். வாய் திறக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். அம்மாவிடம் வாய் திறக்காமலே சாமான்களைக் கட்டத் தொடங்கினீர்கள்.

ஆடிப்பிறப்புக் காலை லாண்ட்மாஸ்டர் வந்தது. மாமா இறங்கும்போதே தொடங்கிவிட்டார்.

"ஆழத்தைப் பாத்த மனுசன் மாதத்தைப் பாக்கேல்லை! அத்தான், உங்களை நம்பி எப்பிடிக் கப்பலைத் தந்தவங்கள்?"

பெட்டி ஏறியது. மேசை ஏறியது. கூழ்ப்பானையைச் சாக்கில் சுற்றி நீங்களே ஏற்றினீர்கள். சாமான் கட்டி முடிந்த பிறகுதான் அம்மாவைக் காணவில்லை என்று தெரிந்தது. குசினியில் இல்லை. கிணற்றடியில் இல்லை. கோடிப்பக்கம் போன நான் தட்டில் அவருடைய செருப்பைக் கண்டேன்.

அம்மா குளத்தின் நடுவில் நின்றார்.

அவ்வளவு தூரத்தில் சின்ன உருவம். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி, எங்கள் பக்கம் பாராமல்.

"இஞ்சாரும்! வெயில் ஏறுது. வாரும்!"

"நீங்கள் வாங்கோ!"

போனீர்கள். நானும் பின்னால் வந்தேன். காலடியில் சேற்று ஓடுகள் நொறுங்கின. நடுவில் அடி கொஞ்சம் ஈரமாக இருந்தது, குளிர்ந்தது. அங்கிருந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் கரை. எங்கள் வீடு, தட்டு, கை காட்டிக்கொண்டிருந்த மாமா, எல்லாம் ஒரே அளவாகச் சிறுத்திருந்தன.

அம்மா கேட்டார்: "கப்பல் நடுவிலை நிக்கேக்கை இப்பிடித்தானோ இருக்கும்?"

"கிட்டத்தட்ட."

"கவனமாப் போயிட்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு ஒவ்வொரு முறையும் நான் கரையிலை நிண்டு பாப்பன். நடுவிலை என்ன இருக்குதெண்டு நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை."

"என்னத்தைச் சொல்லுறது? தண்ணிதான்."

"நானும் என்னவோ ஏதோ எண்டு நினைச்சன்." அம்மா சுற்றிப் பார்த்தார். "ஒண்டுமில்லை. ஆனால் நல்லாத்தான் கிடக்கு."

நீங்கள் வாய் திறக்கவில்லை. ஒப்பந்தத்தை அப்போதுதான் சரியாகக் காப்பாற்றினீர்கள்.

"தண்ணி எப்ப வருமாம்?"

"ஐப்பசியிலையெண்டு தவராசா சொன்னவன்."

"அப்ப அதுக்கிடையிலை தட்டை ஒருக்கால் கழுவ வேணும். ஆட்டுப் பிழுக்கை மணக்குது." கரையை நோக்கி நடக்கத் தொடங்கினார். பாதி வழியில் நின்று, மாமாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "டேய், கூழ்ப்பானையை இறக்கு!"

அப்போதுதான் நான் குனிந்து அந்தச் சேற்று ஓட்டை எடுத்தேன். அப்போதுதான் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. வெயில் என்று சொல்லியிருப்பீர்கள், கேட்டிருந்தால்.

அன்றைக்குக் கூழில் பனங்கட்டி கூடிவிட்டது. மாமா மூன்று தரம் வாங்கிக் குடித்தார். வெறும் லாண்ட்மாஸ்டரோடு திரும்பிப் போகும்போது, "அடுத்த ஆடிக்கும் வாறன், அத்தான். சாமான் ஏத்தி இறக்க ஆள் வேணும்தானே" என்றார்.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. அந்த வருடம் முதல்முறையாக அம்மா தட்டின் நுனிவரை வந்து காலைத் தொங்கப் போட்டார். பிறகு ஒவ்வொரு கோடையும் குளம் வற்றியது. நீங்கள் குளக்கட்டில் நின்று, "போயிட்டு வா" என்று அதனிடம் சொல்வீர்கள். வற்றிய மாதங்களில் இரண்டு பேரும் மாலையில் நடுக்குளம்வரை நடந்து போய்த் திரும்புவீர்கள். தவராசாவின் வீட்டில் அது பெரிய பகிடி. கடற்கரை ஆக்கள் குளத்துக்குள் உலாத்துகிறார்கள்.

நீங்கள் கண்மூடிய பங்குனியில் குளம் பாதி இருந்தது. உங்களைத் தூக்கிப் படலையைத் தாண்டும்போது அம்மா வாசலில் நின்றார். கப்பலுக்குப் போகும்போது சொல்வதைச் சொன்னார். அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார்.

மாமா கேட்டார், "அக்கா, இனி என்னத்துக்கு இஞ்சை? லாண்ட்மாஸ்டரைக் கொண்டாறன்."

"கொண்டா. தவராசாவுக்கு வெங்காயம் ஏத்த வேணுமாம்."

சீதன வீட்டுத் திறப்பு இன்னும் அந்த ஆணியில் தொங்குகிறது. வடக்கு யன்னலும் திறந்துதான் இருக்கிறது. அம்மா அங்கேயே இருக்கிறார்.

முந்தாநாள் அவருக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, உங்கடை குளம் என்ரை யன்னலிலை கரைஞ்சு போச்சு."

"துடைச்சுப் போட்டியோ?"

"இல்லை."

"விடு. காயும்." கொஞ்சம் பொறுத்து, "இஞ்சை தண்ணி தட்டுக்கு வந்திட்டுது. கால் நனைச்சுக்கொண்டுதான் கதைக்கிறன்" என்றார். தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது.

ஒன்று உங்களிடம் சொல்ல வேண்டும். எனக்குக் கலியாணம் பேசி முடிந்திருக்கிறது. என்னோடு வேலை செய்கிறவர். போன மாதம் இருவரும் ஒரு வீடு பார்க்கப் போனோம். மேல்மாடி, நல்ல காற்று, தூரத்தில் ஒரு துண்டுக் கடல். காட்ட வந்தவர் எல்லாவற்றையும் புகழ்ந்து முடித்த பிறகு நான் கேட்டேன்: "ஆடியில் இது எப்படி இருக்கும்?" அவருக்கு விளங்கவில்லை. கீழே இறங்கும்போது இவர் கேட்டார், "ஆடியிலை என்ன?" படிக்கட்டில் நின்றே உங்கள் கதையைச் சொன்னேன். ரியூப்பில் மிதந்து ஆழம் பார்த்த இடத்தில் இவர் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

எந்த இடத்தைப் பார்த்தாலும் இப்போது அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஆளையும் அப்படித்தான் பார்த்தேன், அப்பா. ஒரு ஆடி முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் ஓம் சொன்னேன்.

இன்று நல்ல வெயில். யன்னல் விளிம்பில் சேறு இறுகத் தொடங்கிவிட்டது. ஓரங்கள் மெல்ல எழும்புகின்றன. பழைய கிண்ணமாக வராது, வேறு ஏதோ ஒரு வடிவம். காய்ந்து முடிவதற்குள் நத்தைக் கூட்டை எடுத்துக் கழுவி, அதன் நடுவில் வைத்தேன்.