கார் ஸ்டீரியோவில் ஒரு ஙொய்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். குறுவை இன்னும் பச்சை. அறுப்பு மெஷின் ஷெட்டில் தூங்குகிறது, அதை ஓட்டுகிற நானும் வீட்டில்.

திருவாரூர் போய் ரஃபி கடையில் காருக்குப் புது ஸ்டீரியோ, சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப், பெரிய ஸ்பீக்கர். மலருக்கு இதில் சுத்தமாக இஷ்டமில்லை. "இந்த வயசுல எதுக்குங்க இந்த ஆட்டம்?" என்கிறாள். நான் என்ன பாட்டுக் கேட்கவா வாங்கினேன்? மகள் கயல் கோயம்புத்தூர் காலேஜுக்குப் போனதிலிருந்து தினம் சாயங்காலம் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். போனில் போட்டால் பாதிக்குமேல் புரிவதில்லை. ஹாஸ்டல் கூச்சல், போனோ சின்னது. பெரிய ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்கும். அவ்வளவுதான் விஷயம். மலரிடம் சொன்னால் சிரிப்பாள், சொல்லவில்லை.

திரும்பும் வழியில் கயல் மெசேஜைப் போட்டேன். அவள் குரலுக்குப் பின்னால் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது. கொடுமை.

ஆகஸ்ட் 19

ரஃபிக்குப் போன்.

"அண்ணே, இன்ஜினோட ஏறி இறங்குதுன்னா அது டைனமோ சத்தந்தான். எர்த் சரியில்ல, இல்லாட்டி வயரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போவுது. வண்டியக் கொண்டாங்க, பாத்துருவோம்."

"நீதானய்யா மாட்டுன?"

"கல்யாண கார் ஒண்ணு அவசரமா நின்னுச்சுண்ணே."

நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன். சேற்றுக்கு நடுவே படுத்த மெஷினை ஒற்றை ஸ்பேனரோடு கிளப்பினவன் நான். ஒரு ஸ்டீரியோ என்ன பெரிய கொம்பா?

நாளை:
- பேட்டரி வயர் ஒரு பக்கம், சிக்னல் வயர் எதிர்ப்பக்கம்
- எர்த் வயர் மாட்டுகிற இடத்தில் பெயின்ட் சுரண்ட
- போன் சார்ஜர் போட்டு ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை
- மலருக்குத் தேங்காய் இரண்டு

ஆகஸ்ட் 20

புழுக்கம். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தேன். சீட் எல்லாம் வாசலில். பக்கத்து வீட்டுக் கோழி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து இறங்க மறுக்கிறது.

பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்கு வருகிற தடித்த வயரும், ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவருகிற சிக்னல் வயரும் ஒன்றாகக் கட்டி டேப் சுற்றியிருக்கிறது. பார்க்க அழகாக வேறு இருக்கிறது, படுபாவி. கரண்ட் வயரின் இரைச்சல் பக்கத்து வயரில் ஏறாமல் என்ன செய்யும்? பிரித்தேன். கரண்ட் இடது பக்கம், சிக்னல் வலது பக்கம். முதுகு போச்சு.

ஓட்டிப் பார்த்தேன். பாதி குறைந்திருக்கிறது. தேங்காய் மறந்துவிட்டது. திட்டு.

ஆகஸ்ட் 21

ரஃபி எர்த் வயரை சீட் போல்ட்டில், பெயின்ட் மேலேயே வைத்து முறுக்கியிருந்தான். பெயின்ட் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்? தகரம் பளபளக்கிற வரை சுரண்டி, குட்டையான தடி வயராகப் போட்டு இறுக்கினேன். ஸ்டீரியோவின் எர்த்தும் அங்கேயே. மிச்சமிருந்த கொஞ்ச இரைச்சல் போன் சார்ஜரால். அதைப் பிடுங்கினேன்.

இன்ஜினை ஓடவிட்டு மிதித்தேன். சத்தம் ஏறவில்லை! மறுபடி மிதித்தேன். ஏறவே இல்லை. தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன்.

ஆனால் மெல்லிசாக ஒரு ஙொய் இன்னும் இருக்கிறது. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி. மலரைக் கூப்பிட்டு உட்காரவைத்து கயல் மெசேஜைப் போட்டேன்.

"ஒரு சத்தமும் இல்லையேங்க. நல்லாத்தான் இருக்கு."

"என்ன சொல்றா?"

"ரூம்ல இருக்க பொண்ணுக்குக் காய்ச்சலாம், இவதான் கஞ்சி வச்சுக் குடுத்தாளாம். நாளைக்கு டெஸ்ட்டு வேற இருக்காம்."

கயல் பேசியதில் எனக்கு 'ரூம்', 'நாளைக்கு' இரண்டும்தான் கிடைத்தன. இன்னொரு தடவை போட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. "டிவியத் தெருவுக்கே வைக்கிறீங்க, இதுல மட்டும் ஊசி சத்தம் கேக்குதாக்கும்" என்று எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 22

ரஃபி கடை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து கேட்டான்.

"சுத்தமா இருக்குண்ணே. பேசாம எனக்கு எதிர்ல நீங்களே கடை போட்ருங்க."

"ஙொய்னு கேக்கல?"

"இல்லையே." சிக்னல் வயரை உருவினான். "இப்ப?"

"கேக்குது."

இன்ஜினை நிறுத்தினான். "இப்ப?"

"கேக்குதுய்யா."

பேட்டரி பக்கத்து ஃப்யூஸையே பிடுங்கினான். ஆம்ப்பின் விளக்கு அணைந்துவிட்டது. "இப்பண்ணே?"

நான் காதைக் குடைந்தேன். ரஃபி என்னைப் பார்த்தான். கிண்டலைக் காணோம். "வாங்கண்ணே, டீ சாப்புடுவோம்" என்றான்.

வரும் வழியில் வாய்க்கால் மதகு அருகே வண்டியை நிறுத்தி வரப்பில் ரொம்ப தூரம் நடந்தேன். ஆள் இல்லை, வண்டி இல்லை. கதிர் ஆடுகிறது, சலசலப்பு கேட்கவேண்டும். ஙொய் மட்டும்தான். என் தலைக்குள்ளேயே.

பயமாக இருக்கிறது. இங்கே எழுதிவைப்பதோடு சரி, யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

ரஃபி மலருக்குப் போன் போட்டுவிட்டான். துரோகி. நேற்று முழுக்க அழிச்சாட்டியம் செய்து இன்று என்னைத் தஞ்சாவூர் இழுத்துப்போய்விட்டாள். காது டாக்டர்.

கண்ணாடி அறை. ஹெட்போன். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தணும். அழுத்தினேன், பிறகு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். டெஸ்ட் முடிந்துவிட்டது போல என்று நினைத்தேன். முடியவில்லையாம், சத்தம் வந்துகொண்டேதான் இருந்ததாம்.

டாக்டர் சின்னப் பெண். "என்ன வேலை பாக்குறீங்க?"

"அறுப்பு மெஷின் ஓட்டுறேங்க. இருபது வருஷமா."

"காதுக்கு ஏதாவது போடுவீங்களா?"

"துண்டு கட்டிக்குவேன்."

"சத்தத்துக்கா, தூசிக்கா?"

"தூசிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார். கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகுமாம். பெண் குரல், பிள்ளைகள் குரல் எல்லாம் கேட்கும், ஆனால் வார்த்தை பிரிந்து புரியாதாம். போனது திரும்பாது. இரைச்சல் சிலருக்குக் குறையும், சிலருக்குப் பழகிவிடும். கருவி வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளியும். இனி மெஷினில் ஏறினால் காதுக்கு மூடி கட்டாயம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றோம். மலர் என் கையைத் தட்டித் திருப்பி, "கூப்ட்டா திரும்ப மாட்டேங்கறீங்கன்னு எத்தனை நாளு சண்ட போட்டேன். திமிருன்னு நெனச்சுட்டேங்க" என்று அழுதாள். பின்னால் லாரிக்காரன் ஹாரன். கேட் திறந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

கயலிடம் சொல்லாதே என்றேன். தலையாட்டினாள். நம்ப முடியாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சாயங்காலம் நல்ல மழை, பிறகு விட்டது. கயலுக்கு லீவு. கூப்பிட்டுவர நான் மட்டும் திருவாரூர் போனேன். இளைத்திருக்கிறாள். முன் சீட்டில் உட்கார்ந்ததும் போனை மாட்டி ஏதோ பாட்டு வைத்தாள். வயரிங் சுத்தம். ஒரு இரைச்சல் இல்லை, எனக்குள் இருப்பதைத் தவிர.

ரோட்டைப் பார்த்தபடி என்னவோ கேட்டாள். "ஆமாம்மா" என்றேன்.

சிரித்தாள். "காபியா டீயான்னு கேட்டா ஆமாங்கறீங்களேப்பா!"

ஸ்டீரியோவை அணைத்தேன்.

"ஏம்ப்பா ஆஃப் பண்ணிட்டீங்க? நல்லாத்தானே இருக்கு."

"என் பக்கம் திரும்பிப் பேசும்மா. உன் வாயப் பாத்தாத்தான் எனக்குப் புரியுது."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்கப்பா" என்று சிரித்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்படியென்றால் மலர் சொல்லவில்லை.

வண்டியை ஓரம் கட்டினேன். இன்ஜினையும் நிறுத்தினேன். காய்ச்சல், கஞ்சி, டெஸ்ட் எல்லாம் முதலிலிருந்து சொல்லு என்றேன். சீட்டில் காலை மடக்கி முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்து சொன்னாள். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை விடவில்லை நான்.

வீடு சேர நன்றாக இருட்டிவிட்டது. சாப்பாடு ஆறிப்போச்சென்று மலர் வாசலில் நின்று கத்தினாள். அது திரும்பிப் பார்க்காமலே கேட்டது.