வெட்டுக்கல்லை ஊறப்போட்ட கதை

14-5-1998, வியாழன். மட்டாஞ்சேரி.

மழைக்கு முன்னால் குளியலறைச் சுவரை எழுப்பிவிடலாம் என்றுதான் தேனியிலிருந்து மச்சினன் முருகேசனை வரவழைத்தேன். ஊரில் பேர்போன கொத்தனார். ஆனால் இங்கத்து வெட்டுக்கல்லை அவன் தொட்டதே இல்லை. மண்ணை வெட்டிக் காயவைத்துக் கல் என்று விற்கிறார்களே என்று நேற்றெல்லாம் ஒரே சிரிப்பு.

ஜியாலஜி படிக்கிற என் மகள் செல்விக்குப் பொறுக்கவில்லை. "மாமா, இதுக்குப் பேரு லேட்டரைட். லத்தீன்ல 'லேட்டர்'னா செங்கல். இங்க இதை வெட்டிச் செங்கல் மாதிரி அடுக்குறதைப் பார்த்துத்தான் ஒரு வெள்ளைக்காரன் அந்தப் பேரை வெச்சான்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

அதுதான் வினை. செங்கல் என்றால் கட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவேண்டும், அது முருகேசனின் தொழில் தர்மம். புதிதாக வெட்டி வந்த, இன்னும் காய்ந்து இறுகாத கல்லையெல்லாம் படுக்கப்போகுமுன் தொட்டியில் இறக்கிவிட்டான். காலையில் தூக்கினால், டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஓரமெல்லாம் கையோடு வருகிறது. டீ நிறத்தில் சிவந்துபோன அந்தத் தண்ணீரை இருட்டில் மொண்டுதான் என் மனைவி வெள்ளை வேட்டிகளை ஊறவைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டுச் சேட்டன் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "கல்லுக்கும் சாயா உண்டோ?" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில் மனைவி தம்பியை முறைக்கவில்லை, மகளை முறைக்கவில்லை. என்னைத்தான் முறைத்தாள். முருகேசன் மெதுவாக, "பாப்பா, நாளைக்கு சிமெண்ட் குழைக்கணும். அதுக்கு என்ன அர்த்தம்னு மட்டும் சொல்லிராதம்மா" என்றான்.

செல்வி வாயைத் திறந்தாள். என் தட்டிலிருந்த பப்படத்தை வைத்து அடைத்தேன்.