ஓரம் தெரியாத வரி

மார்ச் 3, செவ்வாய்

இந்த நோட்டை என்றைக்காவது நானே திருப்பிப் பார்த்தால், எழுத்தைக் கண்டு என்மேல் கோபப்படக் கூடாது. கோடு போட்ட நோட்டுதான். ஆனாலும் என் எழுத்து கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. நாற்பத்திரண்டு வருடம் வீடு வீடாகத் தரைக்கு டைல்ஸ் பதித்தவன் நான். ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவை விட்டு அசையாது. அந்தக் கைக்கு ஒரு 'க' நேராக வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

வாசகசாலை மாடியில் செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், யாரும் படிக்க மாட்டார்கள் என்றார் டீச்சர். உண்மைதான். ஒரு பக்கம் படிக்க எனக்கே அரை மணி ஆகிறது. எழுதியதைத் திருப்பிப் படிப்பதில்லை.

ஆனால் சந்தோஷம். அறுபத்தொன்பது வயதில் இவ்வளவு சந்தோஷம் ஒரு பென்சிலில் இருக்கும் என்று யார் சொன்னார்கள்?

மார்ச் 6, வெள்ளி

கரும்பலகையில் என் முகவரியை எழுதச் சொன்னார் டீச்சர். எழுதினேன். பின்வரிசையிலிருந்து இஸ்திரிக்கார அம்மா, "அண்ணே, உங்க எழுத்தெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க ஓடற மாதிரி இருக்குதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

அவருக்கு மட்டும் என்ன கிழிந்துவிட்டது? மூன்று மாதமாக வருகிறார். ஒரு வரி முழுதாக வாசித்ததில்லை. பாதியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார், தூசி விழுந்தது என்பார்.

இஸ்திரிக்கார அம்மாவுக்கு இந்த ஜென்மத்தில் எழுத்து வராது. துணி தேய்க்கிற கைக்குப் புத்தகம் எதற்கு.

எழுதிவிட்டுப் பார்த்தேன். ஆச்சரியம். இந்த இரண்டு வாக்கியமும் ரசமட்டம் வைத்ததுபோல் நிற்கின்றன. கோபத்தில் கை நடுங்கவில்லை போலிருக்கிறது. அடுத்த பக்கம் முழுக்க அதையே எழுதிப் பழகினேன்.

மார்ச் 14, சனி

மருமகள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். துணி அச்சடிக்கும் இடத்துக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கும் வேலை. ஒரு போட்டோ எடுப்பாள். இலை, சுவர்ப்பாசி, கொட்டிக் கிடக்கும் பொத்தான், எதுவானாலும். அதைச் சதுரமாக வெட்டுவாள். அந்தச் சதுரத்தை மேலும் கீழும் பக்கமும் அடுக்கிக்கொண்டே போனால், எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியக் கூடாது. ஓரம் தெரிந்தால் வேலை கெட்டது.

"இது என் தொழில்தானேம்மா" என்றேன்.

"ஆமா மாமா. நீங்க முட்டி தேய செஞ்சீங்க. நான் நாற்காலி தேய செய்யறேன்."

எப்படி என்று காட்டினாள். படத்தைப் பக்கவாட்டில் பாதி நகர்த்துகிறாள், கீழே பாதி நகர்த்துகிறாள். வெளியே போன பாதி மறுபக்கம் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. இப்போது நான்கு ஓரமும் படத்தின் நடுவில் கூட்டல் குறிபோல் கிடக்கின்றன. பக்கத்தில் இருக்கும் நிறத்தையே எடுத்து எடுத்து அந்தக் குறியின்மேல் ஒட்டி மறைக்கிறாள். அவ்வளவுதான். வெளி ஓரங்கள் தானாகவே பொருந்துகின்றன. ஏனென்றால் அவை முன்பு நடுவாக இருந்த இடம். மூன்று முறை கேட்டபிறகே எனக்குப் புரிந்தது.

நான் வெட்டுத் துண்டுகளைக் கதவுக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில் பதித்து ஒளித்துவிடுவேன். இவள் ஓரத்தை நடுவீட்டுக்கு இழுத்துவந்து சரி செய்கிறாள். கெட்டிக்காரி.

வாசகசாலை ஜன்னல்களுக்கு ஏழு திரை வேண்டுமாம். படிக்க வருகிறவர்களின் கையெழுத்தையே டிசைனாகப் போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறார் டீச்சர். "என் பேர்ல வர்ற முதல் வேலை மாமா. உங்க நோட்டுல ஒரு பக்கம் குடுப்பீங்களா? பாடம் எழுதின பக்கமாக் குடுங்க. சொந்த விஷயம் வேணாம். நான் படிக்க மாட்டேன், இருந்தாலும் வேணாம்" என்றாள்.

என் எழுத்து. ஏழு ஜன்னலில். இன்று சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

மார்ச் 15, ஞாயிறு

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லாம் நொண்டி. ஒரே ஒரு பக்கம்தான் நிமிர்ந்து நின்றது. அதையே கொடுத்தேன்.

ஜன்னலோரம் மேசையில் வைத்து, நேர் மேலிருந்து போட்டோ எடுத்தாள். ஒரு வரிசை நேராக, ஒரு வரிசை தலைகீழாக வருவதுபோல் அமைத்தாள். வரியின் முடிவு அடுத்த வரியின் தொடக்கத்தோடு சேர்ந்துகொண்டது. அறைக்கு வெளியே போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். "எழுத்தைப் படிச்சா ஓரம் கண்ணுக்குத் தெரியாது மாமா. பூவா நினைச்சுப் பாருங்க."

எனக்கா சொல்லித்தர வேண்டும்? அறுபத்தெட்டு வருடம் எழுத்தைப் பூவாகப் பார்த்தவன்தானே நான்.

ஒரு முற்றுப்புள்ளியை நான் கொஞ்சம் அழுத்தி வைத்திருக்கிறேன். அது மச்சம்போல் திரும்பத் திரும்ப வந்து கண்ணை உறுத்தியது. காட்டினேன். "அட, எனக்குத் தெரியலையே" என்று அழித்துவிட்டாள். பெருமையாக இருந்தது.

மார்ச் 24, செவ்வாய்

துணி வந்துவிட்டது. கூடத்தில் விரித்தோம். வெள்ளையில் நீலம். ஒவ்வொரு எழுத்தும் விரல் உயரம். ஓரம் எங்கே என்று முட்டி போட்டுத் தேடினேன். இல்லை. துணி இப்போது தையல்காரரிடம் போயிருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

தைத்து வந்த ஏழு திரையும் கசங்கி இருந்தன. டீச்சர் தேய்க்கக் கொடுத்தனுப்பினார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 31, செவ்வாய்

இஸ்திரிக்கார அம்மா வகுப்புக்கு வரவில்லை. திரைகள் வந்துவிட்டன. பெட்டி வைத்த மடிப்பு கத்திபோல் இருக்கிறது. அடுத்த செவ்வாய் மாட்டுகிறோம் என்றார் டீச்சர்.

வகுப்பு முடியும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

இன்றும் வரவில்லை. மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட நின்றதில்லை என்கிறார் டீச்சர். உடம்பு சரியில்லையோ என்கிறார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். சீவிச் சீவிப் பென்சில் பாதியாகிவிட்டது.

அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று மறந்துவிட்டேன், அதனால் கொடுத்தேன் — இப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். இது என் நோட்டு. இதில் பொய் எழுதி யாரை ஏமாற்ற? எனக்குத் தெரியும். பக்கத்தைக் கிழிக்கும்போதே தெரியும். "இது பாடம்தானே மாமா?" என்று மருமகள் கேட்டாள். "பாடம்தான்" என்றேன். அழகாக இருந்தது, கொடுத்தேன். துணியில் இருப்பதை எவன் படிக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

அச்சடித்தவர் படிக்கவில்லை. தைத்தவர் படிக்கவில்லை. படிப்பு பழகிப்போனவர்களுக்கு அது வெறும் பூ. புதிதாகப் படிப்பவர்தானே கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டுவார். நானும் மாத்திரை அட்டையைக்கூட விடுவதில்லையே.

ஏப்ரல் 4, சனி

போனேன். தெருமுனையில் தகரக் கூரைக்குக் கீழே இஸ்திரிக்கார அம்மாவின் மேசை.

"வாங்கண்ணே. துணி எங்க?"

"துணி இல்லம்மா."

"அப்ப எதுக்கு வந்தீங்க? இங்க பாடம் நடக்கலையே."

பெட்டியை எடுத்து ஒரு சட்டைக் கையில் ஓட்டினார். நான் நின்றேன். அவரே பேசினார்.

"மொதத் திரையில ஒண்ணும் தெரியல. பூன்னுதான் நினைச்சேன். ரெண்டாவதுல 'அம்மா' தெரிஞ்சுது. அட, நமக்குத் தெரிஞ்ச வார்த்தைன்னு ஒரு சந்தோஷம். அப்புறம் பெட்டி போற போக்குல ஒவ்வொண்ணா கூட்டினேன். அதே வரிதானே திரும்பத் திரும்ப வருது, விட்டதை அடுத்ததுல பிடிச்சுக்கலாம். அஞ்சாவது திரையில முழுசா வந்துடுச்சு. முழு வரி வாசிச்சது அதான் மொத தடவை. பெட்டிய நிமித்தி வெச்சுட்டு யாருகிட்டயாவது சொல்லணும்னு திரும்பினேன். அப்புறம்தான் என்னத்த வாசிச்சேன்னு உரைச்சுது."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசைமேல் விரித்திருந்த போர்வையின் தீய்ந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது நான்தாம்மா எழுதினது."

"தெரியும். உங்க 'ஜ' சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்குமே. பலகையில பார்த்திருக்கேனே."

"தெரிஞ்சும் மீதி ரெண்டையும் தேச்சீங்களா?"

"வாங்கின வேலையாச்சே."

மன்னிப்பு என்ற சொல்லை எழுதத் தெரியும். வாயில் வரவில்லை. "வகுப்புக்கு வாங்க" என்றேன்.

"வந்து? ஏழு ஜன்னல்லயும் அது தொங்கும். நடுவுல நான் உட்காரணும். நல்லா இருக்குண்ணே உங்க நியாயம்."

ஏப்ரல் 5, ஞாயிறு

மருமகளிடம் சொன்னேன். மிச்சத் துணியை எடுத்துவந்து முதல் தடவையாகப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள், இரண்டு வாக்கியம்தான்.

"உங்களை நம்பித்தான் மாமா படிக்காம இருந்தேன்."

திட்டியிருக்கலாம். முற்றுப்புள்ளியை வேறு அழிக்கச் சொன்னேனே. அந்த வரி எங்கும் நிற்பதே இல்லை. வராது வராது என்று துணி முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

தன் பெயரில் வந்த முதல் வேலை. திரைகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று டீச்சரிடம் தானே சொல்கிறாளாம். என்ன காரணம் சொல்வாள்? என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். தன் தப்பு என்பாள். எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மாட்டும் நாள். மருமகள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். பதினோரு பேர், டீச்சர், அவள். ஒரு திரையை விரித்துப் பிடித்து அந்த இரண்டு வாக்கியத்தையும் விரல் வைத்து வாசித்தேன். திணறித் திணறித்தான் வந்தது. எழுதும்போது சுலபமாக இருந்தது. நான் எழுதியது, தெரிந்தே கொடுத்தேன், இந்தப் பெண்மேல் தப்பு இல்லை என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பஸ்ஸுக்கு ஓடுகிற எழுத்துக்குச் சிரித்தவர்கள், இதற்குச் சிரிக்கவில்லை.

டீச்சர் திரைகளை மடித்து வைத்தார். "அவங்க சொல்லட்டும், என்ன செய்யறதுன்னு" என்றார். வெள்ளிக்கிழமைக்கு அவரே போய் அழைக்கிறாராம்.

ஏப்ரல் 10, வெள்ளி

வந்தார். தனக்கு வழக்கமான பின்வரிசையில் உட்காராமல் முன்னால் வந்து நின்றார். திரையை எடுத்துப் போய்விடுகிறோம் என்று மருமகள் சொன்னாள்.

"எதுக்கு? அதை எடுத்துட்டுப் போயிட்டா நான் வாசிச்சதுக்குச் சாட்சி ஏது? மாட்டுங்கம்மா."

மருமகளும் நானும் ஏணி பிடித்து மாட்டினோம். ஏழாவது முடிந்ததும் அவர் முதல் திரையின் பக்கத்தில் போய் நின்று வாசித்தார். விரல் வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றியதுபோல் வாசித்தார். என்னைவிட நன்றாக. கடைசிச் சொல் வந்ததும் திரும்பி, "டீச்சர், ஒரு பேனா குடுங்க. துவைச்சாலும் போகாததா" என்றார். அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"வந்துடுச்சுன்னு எழுதுங்கண்ணே. எல்லாரும் பார்க்கட்டும்."

திரையின் கீழ்மடிப்புக்கு மேலே, முட்டி போட்டு எழுதினேன். வந்துவிட்டது. ஏழு எழுத்தும் ஏழு பக்கம் ஓடின. முற்றுப்புள்ளி வைத்தேன், அழுத்தி. "பஸ்ஸு கிளம்பிடுச்சுண்ணே" என்றார் பின்னாலிருந்து. இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நிமிர முடியாமல் அப்படியே இருந்தேன். முட்டிதான் காரணம் என்று எழுந்தபிறகு சொன்னேன்.

அறைக்கு வெளியே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். ஏழு திரையிலும் திரும்ப வராத சொல் அது ஒன்றுதான். கண்ணை உறுத்துகிறது. மருமகளும் பார்த்தாள். "இருக்கட்டும் மாமா" என்றாள். ஐந்து நாளில் என்னோடு அவள் பேசிய முதல் வார்த்தை.

வெட்கம் போகவில்லை. வாரம் இரண்டு நாள் அதன் கீழே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். உட்காருகிறேன்.

படி இறங்கும்போது இஸ்திரிக்கார அம்மா நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை இந்த நோட்டைக் கொண்டுவர வேண்டுமாம். திரையில் இருப்பது மனப்பாடம் ஆகிவிட்டது, வாசித்துப் பழகப் புதிதாக ஏதாவது வேண்டும் என்கிறார். முதல் பக்கத்திலிருந்து வாசிப்பாராம். மார்ச் 6-ஐக் கிழித்துவிடட்டுமா என்று ஒரு நிமிஷம் கை போனது. கிழிக்கவில்லை. அவர் அதைத் தாண்டிப் படிக்க மேலே ஏதாவது இருக்க வேண்டுமே. செவ்வாய்க்குள் இன்னும் ஒரு பக்கமாவது எழுதிவிட வேண்டும். நேராக வருகிறதோ இல்லையோ.