துடைத்த கண்ணாடி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா உப்பைக் குறைத்தாரா, இல்லை வழக்கம்போல் தலையாட்டுவதோடு சரியா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் வேலையில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கவலைப்படாதே, சிரிக்கிற விஷயம்தான். கோடைக்கால உடுப்புகளுக்கு விளம்பரப் படம் எடுத்தோம். பத்து நாளாக வெளியே ஒரே மூட்டம். அதனால் மாடல் பெண்ணுக்குப் பின்னால் பெரிய விளக்கை நிறுத்தி, ஆரஞ்சுத் தாளைக் கட்டி, சாயங்கால வெயிலை நாங்களே செய்தோம். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடி பிசுபிசுவென்று இருந்ததா, நான் பளிச்சென்று துடைத்து வைத்துவிட்டேன்.

"யாரு துடைச்சது? வெளிச்சம் வழிஞ்சு பரவட்டும்னு நான்தான் எண்ணெய் தடவி வெச்சேன்!" என்று போட்டோகிராபர் அக்கா கத்தினார். மறுபடி தடவி எடுத்தார். மாடலின் தோளைத் தாண்டி மஞ்சள் வெளிச்சம் படம் முழுக்கக் கசிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்கு உன் ஞாபகம். நீயும் சமையல் எண்ணெய்க் கையோடு போனை எடுத்து, சூரியனுக்கு நேராகவே பிடித்துப் படம் எடுப்பாய். "கையைத் துடைச்சிட்டு எடும்மா" என்று எத்தனை முறை எரிந்து விழுந்திருப்பேன்! அந்தப் படங்களையெல்லாம் மங்கல் என்று அழித்தும் விட்டேன்.

இங்கே என் ஜன்னலுக்கு எதிரே சுவர்தான். மாடியில் துணி காயப்போடும்போது அப்பாவை வெயிலுக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பேன். வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

கையை மட்டும் துடைக்காதே.

உன் சின்னவள்