தலைசுற்றல் தொப்பி

உப்பளம், புதுச்சேரி
14.8.2009

அன்புள்ள அம்மாவுக்குப் பொன்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் செலின் மதாமுக்குப் படுக்கையில் புரண்டாலே தலை சுற்றும் என்று சொன்னேன் அல்லவா? அவர் மகன் பிரான்சிலிருந்து ஒரு தொப்பி அனுப்பியிருந்தார். அதன் விளிம்பில் வளைந்த குழாய், குழாய்க்குள் சிறு மணி. மணி நகர்வதைப் பார்த்துக்கொண்டே படுத்துத் தலையைத் திருப்பி எழுந்தால் சுற்றல் அடங்கிவிடும். எழும்போது மட்டும் நான் தோளைப் பிடித்துக்கொள்வேன்.

போன மாதம் நான் மார்க்கெட் போன நேரத்தில் மதாம் தனியாகவே செய்து பார்த்திருக்கிறார். திரும்பி வந்தபோது தொப்பியோடு தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அப்போதும், "சுத்தறது நின்னுடுச்சிடி, நானே செஞ்சிட்டேன்" என்று சிரித்தார். மறுவாரம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். நீங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்.

அடக்கத்துக்கு வந்த மகன் என்னிடம், "நீ எங்க போயிருந்த?" என்று மட்டும் கேட்டார்.

"மதாம் கேட்ட மீன் வாங்க" என்றேன். அடக்கம் முடிந்ததும் அவர் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். முப்பதாம் நாள் பூசைவரை வீட்டை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயமெல்லாம் இல்லை. போர்த்திக்கொள்ள உங்கள் பழைய புடவை ஒன்றைப் பார்சலில் அனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். புடவையைத் துவைக்க வேண்டாம் அம்மா, கட்டியிருந்தபடியே அனுப்புங்கள்.

செல்வி