ஹாலந்துப் படை திரும்பிய மாதம்

மைனி,

இன்று பரணை ஒதுக்கிய பேத்தி ஒரு போர்வையை இறக்கினாள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. பாச்சை உருண்டை வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு எரிச்சலாக வந்தது. உங்கள் மகன் முருகேசன் வருகிறான் என்று தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் நீங்கள் பேரம் பேசி வாங்கியது. வருகிறான் என்று உங்களுக்குச் சொன்னவள் உங்கள் நாத்தனார் நான்தான்.

அவன் ஆப்கானிஸ்தானில் ஹாலந்துப் பட்டாளத்துக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவோடு சேர்ந்து பல நாட்டுக்காரர்கள் போய் நின்ற சண்டை அது. நீங்களோ தாராவிக் குழாயடியில், "எம் மவன் மிலிட்டரில இருக்கான்" என்று சொல்லித் திரிந்தீர்கள்.

"சோப்புத் தண்ணிய ஊத்தியா சுடுதான்?" என்று கேட்பேன்.

"ஏட்டி, போ. உனக்குப் பொறாம."

தினமும் பேப்பரை என்னிடம் நீட்டுவீர்கள். "நம்ம பயலப் பத்திப் போட்டிருக்கா, பாரு." அஞ்சாவது வரை படித்தவள் என்ற கெத்து எனக்கு. ஹாலந்துப் படை முழுவதும் ஊர் திரும்புகிறது என்று ஒருநாள் சத்தமாக வாசித்தேன்.

"முழுசும்னா இவனுந்தானேட்டி?"

"பின்ன? அவுக துணிய அங்க வேற யாரு துவைக்க? சேந்துதான் வருவான்."

நெஞ்சுவலிக்காரி நீங்கள், மூச்சு வாங்க வாங்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தீர்கள். பிறகு போன் வந்தது.

"எம்மா, அவங்கதான் போறாங்க. எங்க கம்பெனி எங்கள வேற நாட்டு கேம்ப்புக்கு மாத்திட்டாங்க. பாஸ்போர்ட்டும் அவங்ககிட்டதான் இருக்கு."

நீங்கள் போனை வைத்தீர்கள். என்னைப் பார்த்து, "சரியாத்தான் படிச்சியாட்டி?" என்றீர்கள்.

சரியாகத்தான் படித்தேன், மைனி. அதுதான் இன்னும் ஆறவில்லை. அந்த ஹாலந்துக்காரர்கள் எவனோ கூப்பிட்டான் என்று வந்தார்கள், போதும் என்று தோன்றியதும் போனார்கள். அவர்கள் சட்டையைத் துவைத்தவனுக்கு வருகிறேன், போகிறேன் என்று சொல்லச் சொந்த வாய் இல்லை. நீங்கள் கண்ணை மூடிய பதினோராம் நாள் அவன் வந்து நின்றான். போர்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேல வைங்க அத்த" என்றான். அதன் பிறகு அவன் அதைக் கேட்கவேயில்லை.

இன்றைய பேப்பரில் வேறொரு சண்டை. கூட்டாளி நாட்டுக்காக எங்கோ போர்க்கப்பல் போகிறதாம். என் கண் மங்கிவிட்டது. பேத்திதான் எழுத்துக் கூட்டி வாசித்தாள். வீரர்கள், பீரங்கி, விமானம் எல்லாம் வந்தது.

"அவ்ளோதான் ஆச்சி, முடிஞ்சிட்டு."

"கடைசி வரி வரைக்கும் பாரு. அந்தக் கப்பல்ல துணி துவைக்கவன் யாரு மவன்னு போட்டிருக்கா?"

அவள் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

போடவில்லை, மைனி.