மறுநடைக்கு என்ன சரக்கு?

நேற்று மாலை வாசகசாலைக்குப் போயிருந்தேன். அதைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி, மேசையின் இழுப்பறையிலிருந்து புதிய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை எடுத்து என்முன் வைத்தார். அச்சு மையின் வாசனை இன்னும் போகவில்லை. கூர்மூக்கு வாணம் ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டு சந்திரனை நோக்கிப் போவதாக அட்டையில் படம்.

“தண்டலுக்குன்னு எடுத்து வச்சிட்டேன் வக்கீலய்யா. கை பழக்கம். பெறவுதான் நெனப்பு வந்துச்சு,” என்றார்.

விரித்து முதற்பக்கத்தை வாசித்தேன். வாசித்ததை மனத்துக்குள் தமிழாக்கவும் தொடங்கிவிட்டேன். கேட்பதற்கு எதிர் நாற்காலியில் ஆள் இல்லை என்பது மூன்றாம் வரியில்தான் உறைத்தது. வருகிற கார்த்திகையோடு நீர் போய் ஓராண்டு நிறைகிறது.

கொழும்புக்கு ஓடும் பாய்த்தோணியின் தலைவர் என்பதால் ஊரே உம்மைத் தண்டல் என்றுதான் அழைத்தது. நானும் வேறு பெயரால் உம்மை அழைத்ததில்லை. நாம் அறிமுகமானதோ சுமுகமான முறையில் அன்று. இரண்டு தோணிகள் மோதிக்கொண்ட வழக்கு ஒன்றில் நீர் சாட்சி. உம்மைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியவன் நான். இருட்டில் உமக்குத் திசை எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தெற்கே சிலுவைபோல் தோன்றும் நட்சத்திரக் கூட்டத்தைச் சொன்னீர். குருசு வெள்ளி என்றீர். மேகம் மூடியிருந்தால் என்ன செய்திருப்பீர் என்று, சாட்சியை மடக்கிவிட்ட நிறைவோடு கேட்டேன்.

“மேகம் மூடிட்டா நீங்களும் நானும் ஒண்ணுதான் வக்கீலய்யா,” என்றீர். நீதிபதியே சிரித்துவிட்டார். அன்று மாலை நீதிமன்றப் படிக்கட்டில் என்னைத் தேடி வந்து, “கோவிச்சுக்கிடாதீய. கூட்டத்துல கேட்டதுனால வாயில வந்துட்டு,” என்று சொன்ன அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. லண்டன் மாநகரத்தின்மீது விழுந்த வாணங்களைப் பற்றியும், அவற்றையே பெரிதாகச் செய்தால் சந்திரனுக்குப் போகலாம் என்பது பற்றியும் பத்திரிகைகள் எழுதத் தொடங்கியிருந்தன. உமக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. எனக்குக் கடல் வராது. கரையில் நீர் இருக்கும் மாலைகளிலெல்லாம் நான் வாசித்துத் தமிழில் சொல்ல, நீர் கேட்பது வழக்கமாயிற்று. தாழை எண்ணெய் தடவிய தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இரண்டு கையையும் மேசைமேல் மடக்கி வைத்துக்கொண்டு கேட்பீர். தலையாட்டிக் கேட்கும் பழக்கம் உமக்கு இல்லை. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கேள்வி வைத்திருப்பீர்.

சந்திரனில் பீரங்கி நிறுத்துகிற தேசமே இனி உலகை ஆளும் என்று ஒரு சேனாதிபதி எழுதியதை வாசித்தேன்.

“அங்கன குண்டு கொண்டு போறதுக்குக் கூலி யாரு குடுக்கது?” என்றீர். “ஒரு குண்டுக்கு ஒரு நடைன்னா, சண்டைக்கு முந்தியே அவன் பாய வித்துச் சாப்பிட வேண்டியதுதான்.”

ஆகாயத்தில் மிகப் பெரிய கண்ணாடி ஒன்றை மிதக்கவிட்டு, அதனால் வெயிலைக் குவித்துப் பகைவர் நகரங்களை எரிக்கலாம் என்று யுத்த காலத்தில் யோசித்தார்களாம். அதை வாசித்துவிட்டுப் பத்திரிகையை மூடி வைத்தேன். நீரோ, “அந்தக் கண்ணாடிய நம்ம உப்பளத்துப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. ஐப்பசி மழையிலயும் உப்பு விளையும். ஊர எரிக்கானாமே, கோட்டிக்காரப் பய,” என்றீர்.

இன்னொரு நாள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டீர். முத்துச் சிப்பி கிடக்கும் கடலடிப் பாறைத் திட்டுகளான பார்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தும், அவை சர்க்காருடைமை என்று நான் விளக்கியிருந்தேன்.

“கடல்ல இம்புட்டுத் தூரம் வரைக்கும் சர்க்காருன்னா, மேல எத்தன மைலு வரைக்கும்?”

நிலத்தை உடையவனுக்கே அதன் மேலுள்ள ஆகாயமும் சொந்தம் என்பது பழைய கொள்கை. விமானங்கள் பறக்கத் தொடங்கியபின் அதைத் தளர்த்திவிட்டார்கள் என்று, இரண்டு தரப்பையும் விட்டுவிடாமல் சொன்னேன். தளர்த்தியதை நீர் காதில் வாங்கவில்லை.

“அப்ப நிலா எங்க வீட்டுக்கு நேரா வரும்போது என்னுது. ஏலே, எவனும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்!” என்று சாளரத்தின் வழியாக ஆகாயத்தை நோக்கி அதட்டினீர். அண்ணாச்சி தமது மேசையிலிருந்து, “வே தண்டல், மெதுவா. நிலாவுக்குத் தீர்வ போட்டுருவாங்க,” என்றார்.

சுதந்திரம் வந்த வருஷம் ஆவணியில் வாசகசாலையில் ஒரு விவாதம் வைத்தார்கள். சந்திர யாத்திரையால் மக்களுக்குப் பயன் உண்டா என்பது பொருள். இல்லை என்று பேச நான் இசைந்தேன். அரிசிக்குக் கூப்பன் பிடித்து நிற்கிற நாட்டில், காற்றும் நீரும் இல்லாத இடத்துக்குப் போகச் செலவிடுவது நியாயம் ஆகாது என்பது என் வாதம். அதை ஏழு கூறுகளாகப் பிரித்து, எழுதி வைத்துப் பேசினேன். உண்டு என்று பேச எழுந்தவர் நீர்; உம் கையில் கடுதாசி ஒன்றும் இல்லை.

“வருசா வருசம் பார் பாக்கக் கப்பல் போகுது. முங்கிப் பாத்துட்டுச் சிப்பி இல்லன்னு திரும்பி வருது. இருவது வருசமா இல்ல. அது வீண் செலவுன்னு வக்கீலய்யா என்னைக்காவது சொன்னாகளா? பாத்தாத்தான இருக்கா இல்லையான்னு தெரியும்?” என்று தொடங்கினீர். பின்பு உம்முடைய தொழிலின் கேள்வியை நீரே கேட்டுக்கொண்டீர். “தோணிக்காரன் போற சரக்கக் கேக்க மாட்டான். மறுநடைக்கு என்ன சரக்குன்னுதான் கேப்பான். வெறுந்தோணி திரும்பினா நட்டம். நிலாவுல கருவாடும் கெடையாது, கொப்பரையும் கெடையாது. ஆனா மேல போறவன் கீழ பாப்பாம்லா? எங்கன மேகம் சுத்துது, எங்கன காத்து கட்டுதுன்னு அவனுக்குத் தெரியும்லா? அந்தச் சேதிதான் மறுநடைச் சரக்கு. எடையே கெடையாது. எங்க அண்ணன் போன அன்னைக்கு அந்தச் சேதி வந்திருந்தா, நான் என்ன விலை வேணும்னாலும் குடுத்திருப்பேன்.”

உமக்கு ஒரு தமையனார் இருந்தார், அவரைக் கடல் கொண்டது என்பதை அன்றுதான் அறிந்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனினும் வாக்கெடுப்பில் என் தரப்பே வென்றது. வெளியே வரும்போது என் தோளைத் தொட்டு, “உங்க ஏழு கூறும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆறாவது மட்டும் ஒழுகுது,” என்றீர்.

அந்த விவாதமே உமக்கு எதிராகத் திரும்பும் என்று நாம் இருவரும் நினைத்திருக்கவில்லை.

அவ்வருஷம் ஐப்பசிக் கடைசியில் கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிய தோணியை எடுக்க மாட்டேன் என்று மறுத்தீர். காற்று சாதுவாக இருந்தது. துறைமுகக் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏறவில்லை. ஆனால் பெருங்காற்று இல்லாமலே தென்கிழக்கேயிருந்து நெடிய அலை வருகிறது, அப்பால் ஏதோ இருக்கிறது என்றீர். நான்கு நாட்கள் கட்டிப்போட்டீர். பக்கத்தில் நின்ற தோணி புறப்பட்டுப் போய், நலமாகக் கொழும்பு சேர்ந்ததாகத் தந்தி வந்தது. உம்முடைய தோணியில் வெங்காயம் முளைத்து அழுகியது. புயல் எங்கும் அடித்ததாகச் செய்தி இல்லை. அது வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது என்பது உம்முடைய நம்பிக்கை. அதற்குச் சான்று ஏதும் இல்லை.

“கடலப் பாருலேன்னா நெலாவப் பாக்கான்,” என்று உம்முடைய தோணி முதலாளி ஊர் முழுக்கச் சொன்னார். தோணி முதலாளிகள் மூவர் கூடி, உமக்கு இனித் தோணி கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பதாக ஏற்பாடு. அந்த மூவரும் வேண்டாம் என்றால் இத்துறையில் வேறு எவரும் உம்மை வைத்துக்கொள்ள மாட்டார்கள். முப்பத்தாறு வயதில் கரையில் மூட்டை தூக்கப் போக வேண்டியிருக்கும். நீர் என்னிடம் வந்தீர்.

வாக்குமூலத்தை என் அறையில் வைத்து எழுதினோம். நீர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஓர் இடத்தில், “மேல இருந்து பாக்க ஒரு கண்ணு இருந்தா நான் சொன்னது பொய்யில்லன்னு காட்டியிருப்பேன். அது வார வரைக்கும் என் கண்ணத்தான் நம்பணும்,” என்றீர். அதைக் கோடிட்டு அடித்தேன். அந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டே உம்மைப் பைத்தியம் என்று தீர்த்துவிடுவார்கள் என்று விளக்கினேன். வாசகசாலையில் பேசியவை பொழுதுபோக்குக்காகப் பேசியவை என்று அவ்விடத்தில் எழுதினேன். அதோடு நிற்கவில்லை. முதலாளிகளின் மனம் இளகுவதற்காக ஒரு நிபந்தனையையும் நானே யோசித்துச் சேர்த்தேன்: புயல் கூண்டு ஏற்றப்படாத நாளில், முதலாளி குறிக்கும் நேரத்தில் பயணம் புறப்படத் தடை சொல்லமாட்டேன்.

நீர் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டீர்: “கூண்டு ஏத்துறவருக்கு யாரு சொல்லுவா?”

“தந்தி வரும்.”

“நடுக்கடல்ல இருந்து தந்தி அடிக்க அங்கன யாரு இருக்கா?”

அது மூவர்முன் இருக்கும் கேள்வி அன்று என்று சொன்னேன். நீர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டீர். சரக்குக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்து அவர்கள் அதைப் படித்தார்கள். “அப்ப நெலா வெளையாட்டுன்னு ஒத்துக்கிடுதீரு?” என்று ஒருவர் கேட்க, மற்ற இருவரும் சிரித்தார்கள். “ஆமா மொதலாளி, வெளையாட்டுத்தான்,” என்றீர். தோணி உமக்குக் கிடைத்தது. அது என் தொழிலில் நான் பெருமைப்பட்ட வெற்றிகளுள் ஒன்று.

அதன்பின்பும் வாசகசாலைக்கு வந்தீர். வாசித்ததைக் கேட்டீர். கேள்விகள் குறைந்துவிட்டன. பணி மிகுதியால் வந்த அயர்ச்சி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சென்ற கார்த்திகையில் ஒரு காலை, நீதிமன்றத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் அறை வாசலில் வந்து நின்றீர். நனைந்த காலோடு உள்ளே வர மாட்டேன் என்றீர்.

“போன வருசம் மாதிரியே அலை வருது வக்கீலய்யா. மொதலாளி மத்தியானம் எடுக்கச் சொல்லுதாரு. நம்ம கடுதாசி என்ன சொல்லுது?”

“கூண்டு ஏறியிருக்கிறதா?”

“இல்ல.”

எழுதிக் கொடுத்தபடி நடப்பதே உமக்குப் பாதுகாப்பு என்றேன். உம்முடைய பிழைப்பை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். “சரி. எழுதினது எழுதினதுதான்,” என்று சொல்லிவிட்டு, வாசலில் படிந்த ஈரத்தை அங்கிருந்த சாக்கால் துடைத்துவிட்டுப் போனீர்.

மறுநாள் பகலில் கூண்டு ஏறியது. அதை ஏற்றியவர்கள்மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை. தகவல் வந்த நாழிகையிலேயே ஏற்றினார்கள். அதற்குமுன் அறிவதற்கு அவர்களுக்கு வழி கிடையாது. உம்மோடு போன ஆறு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. பாய்மரத்தின் ஒரு துண்டு மட்டும் பல நாட்களுக்குப்பின் கரை ஒதுங்கியது.

ஒரு மாதம் கழித்து உம்முடைய மனைவியார் வந்தார். நீர் கையெழுத்துப் போட்ட கடுதாசியை ஒருமுறை வாசித்துக் காட்டவேண்டும் என்றார். முழுவதையும் வாசித்தேன். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறுதிவரை கேட்டுவிட்டு, “இதுல அவுக பேச்சு ஒரு வரி கூட இல்லையே வக்கீலய்யா,” என்றார். எழுந்து போய்விட்டார்.

சட்டப்படி என்மீது பிழை இல்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருமுறையும் போதவில்லை. நீர் சொன்ன அந்தக் கண் ஆகாயத்தில் என்றாவது வருமோ, அதற்காகும் பெருஞ்செலவு நியாயம் ஆகுமோ, எனக்குத் தெரியாது. சான்று இல்லாததை ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கு இன்றும் வரவில்லை. ஆனால் அது இல்லாத காலத்தில், அலையை அறிந்த மனிதனின் கண்ணும் ஒரு சான்றுதான். அதை நான் என் கையால் அடித்தேன்.

இந்த ஓராண்டாக, என்னிடம் வருகிறவரை முதலில் பேசவிடுகிறேன். அவர் பேசியதை, அவர் பேசியபடியே, வலப்பக்கத் தாளில் எழுதிக்கொள்கிறேன். என் குமாஸ்தாவுக்கு இது பிடிக்கவில்லை; நேரம் போகிறது என்று வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். சென்ற வாரம் ஆறுமுகநேரி உப்பளத்திலிருந்து வந்தவர் ஒரு மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும், சட்டத்தின் மொழியில் வரைவதற்கு இடப்பக்கத் தாளை எடுத்தேன். அவர் சொன்னதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிறகு பேனாவை அவரிடம் கொடுத்து, வலப்பக்கத்தில் இருந்த அவர் பேச்சின் அடியிலேயே கையெழுத்துப் போடச் சொன்னேன்.